நாறும் பூ: அருவருப்பு பற்றிச் சில குறிப்புகள்

1

பூ என்றால் மென்மை, பூ என்றால் மணம், பூ என்றால் பெண், பூ என்றால் பூசை. பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்திலிருந்து சினிமாப் பாட்டு வரைக்கும் பூவைப் பற்றி நமக்குச் சொல்லித் தரப்பட்டிருப்பது இவ்வளவுதான். இந்த நான்கிலும் அடங்காத பூக்கள் உண்டு. நாறுகிற பூ, நரம்பும் மயிருமாகத் தொங்குகிற பூ, கருத்த பூ, பார்த்தால் பூ என்றே தெரியாத பூ. இவற்றை வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். "சீ, அத எதுக்கு வீட்ல?" என்றுதான் பதில் வரும். இந்தச் 'சீ' எங்கிருந்து வருகிறது? மூக்கிலிருந்தா, மூளையிலிருந்தா, ஊரிலிருந்தா? ஒன்றைப் பார்த்து நமக்கு அருவருப்பு வருகிறது என்பது அந்த ஒன்றைப் பற்றி எதையாவது நிரூபிக்கிறதா? கேள்வி பூவைப் பற்றியது போல இருக்கும். ஆனால் 'சீ' என்ற அந்த ஒற்றை எழுத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காதில் வாங்கியவர்களுக்கு இது பூவோடு நிற்கிற விஷயமில்லை.

சேனைக்கிழங்கிலிருந்து தொடங்கலாம். சில மாவட்டங்களில் இதையே கருணைக்கிழங்கு என்பார்கள். மாசி, பங்குனியில் நட்டு, தை வாக்கில் தோண்டி எடுத்துவிடுவது வழக்கம். அதனாலேயே கிழங்கைத் தின்றவர்களில் பலர் அதன் பூவைப் பார்த்ததில்லை. தோண்டாமல் மண்ணுக்குள்ளேயே விட்ட பெரிய கிழங்கு, கோடை மழை விழுந்ததும், இலை விடுவதற்கு முன்னால், வெறும் தரையைப் பிளந்துகொண்டு பூவைத் தள்ளும். விளிம்பெல்லாம் சுருங்கி மடிந்த பாவாடை மாதிரி ஒரு மடல், ஊதாவும் பழுப்பும் கலந்த நிறத்தில். நடுவில், மூளையைப் பிடுங்கி வைத்தது மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு கருஞ்சிவப்புக் கொண்டை. விரிந்த முதல் நாள் அதிலிருந்து கிளம்பும் நாற்றம், செத்த எலி நாற்றம். தெருவில் போகிறவர் மூக்கைப் பொத்துவார்.

இந்த நாற்றம் பூவின் கோளாறு இல்லை, அதன் வேலை. அழுகிய இறைச்சியைத் தேடி அலைகிற வண்டுகளை அது கூப்பிடுகிறது. அதற்காகக் கந்தகம் கலந்த சேர்மங்களை வெளியிடுகிறது. தன் உடம்பைத் தானே சூடாக்கி அந்த வாசனையைக் காற்றில் ஏற்றுகிறது. அடியில் இருக்கும் பெண் பூக்கள் முதலில் தயாராகும். அதற்குப் பிறகு மேலே இருக்கும் ஆண் பூக்கள் மகரந்தம் உதிர்க்கும். சில நாட்களில் எல்லாம் அடங்கிப் பூ சரிந்துவிடும். பிறகு பாம்புத் தோல் மாதிரிப் புள்ளி விழுந்த தண்டில் குடையாக ஓர் இலை எழும்பும். வண்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது உலகத்திலேயே மிக நல்ல வாசனை. அந்தப் பூ நம்மிடம் பேசவே இல்லை. தன்னிடம் சொல்லப்படாத ஒரு சேதியைக் கேட்டுவிட்டு முகம் சுளிப்பவன் மனிதன்தான்.

2

செடிகளுக்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கவனியுங்கள். பீர்க்கு உண்டு, பேய்ப்பீர்க்கு உண்டு. சுரை, பேய்ச்சுரை. புடல், பேய்ப்புடல். துளசி, நாய்த்துளசி. வேளை, நாய்வேளை. கொடியிலும் இலையிலும் பூவிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பவற்றில், வேலிக்கு இந்தப் பக்கம் வந்து கசப்பை விட்டுச் சமையலுக்கு ஒத்துக்கொண்டது சுரை, பீர்க்கு என்று வெறும் பெயரோடு இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் தன்பாட்டில் முளைத்துத் தன் கசப்போடு இருப்பது பேய், நாய், காடு என்ற முன்னொட்டைச் சுமக்கும். 'ஊர்' என்ற சொல்லும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஊர் என்றால் ஊர். நாம் இருப்பதற்கு மட்டும் தனியாக ஒரு பெயர் வேண்டும். ஊருக்கு முன்னொட்டு தேவையில்லை, சேரிக்குத்தான் விளக்கம் தேவை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோரம் என்று சொல்லப்போனால் கறிக்கு வளர்க்கும் புடலம்பூவே கோரம்தான். பொழுது சாய்ந்த பிறகு விரியும். வெள்ளை இதழ்களின் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, தலைவிரி கோலத்தில் இருட்டில் தொங்கும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்காக அந்த வெள்ளை. விடிந்து பார்த்தால் சுருண்டு கிடக்கும். இதைப் பந்தலில் வைத்திருக்கிற யாரும் 'பேய்ப் பூ' என்று சொல்வதில்லை. காய் குழம்புக்கு ஆகிறது. குழம்புக்கு ஆகிற ஒன்றின் கோரம் கண்ணில் படுவதில்லை. கண்ணுக்கு எது கோரம் என்பதைக் கண் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு இந்தப் பந்தலே சாட்சி.

மேரி டக்ளஸ் என்ற மானிடவியல் அறிஞர் தூய்மை, தீட்டு பற்றிய தம் புத்தகத்தை 1966-இல் எழுதினார். அழுக்கு என்று தனியாக ஒரு பொருள் கிடையாது, இடம் மாறிக் கிடக்கும் பொருளைத்தான் அழுக்கு என்கிறோம் என்பது அதில் வரும் புகழ்பெற்ற கருத்து. செருப்பு வாசலில் இருந்தால் செருப்பு, சாப்பாட்டு மேசை மேல் இருந்தால் அழுக்கு. நல்ல கருத்துதான். ஆனால் நம் அனுபவத்துக்கு இது பாதி தூரம்தான் வருகிறது. சாதி, இடம் மாறிவிட்டதற்காக மட்டும் ஒருவரை அழுக்கு என்று சொல்வதில்லை. அழுக்குக்கென்று ஓர் இடத்தை முதலிலேயே ஒதுக்கி வைக்கிறது. அங்கே சிலரைப் பிறக்கச் செய்கிறது. அவர்கள் அந்த இடத்திலேயே ஒழுங்காக இருந்தாலும் அவர்கள் அழுக்குத்தான். அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் அடியும் உண்டு.

3

அருவருப்புக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. அருவருப்பு நம்மைக் காப்பாற்றுகிறது, கெட்டுப்போனதையும் நஞ்சையும் நாம் தொடாமல் பார்த்துக்கொள்கிறது என்பார்கள். அழுகிய மீனுக்கு இது பொருந்தும். பூக்களுக்குப் பொருத்திப் பார்த்தால் என்ன ஆகிறது?

அரளியை எடுத்துக்கொள்வோம். அழகான பூ. கோயில் நந்தவனத்தில் இருக்கும், சாமிக்கு மாலையாகும், தேசிய நெடுஞ்சாலைகளின் நடுவில் மைல் கணக்கில் வரிசையாகப் பூத்து நிற்கும். இலை, பூ, பட்டை, வேர் என்று செடி முழுக்க நஞ்சு. இதயத்தைத் தாக்குகிற நஞ்சு. கேரளத்தில் இளம்பெண் ஒருவரின் சாவுக்கு அரளி காரணமாக இருக்கலாம் என்ற பேச்சு எழுந்த பிறகு, 2024 மே மாதத்தில்தான் அங்குள்ள தேவஸ்வம் வாரியங்கள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தன. அப்போதும் மற்றப் பூசைகளிலிருந்து அரளி விலக்கப்படவில்லை. உயிரை எடுக்கக்கூடியது என்று தெரிந்த பிறகும் ஒரு பூ தூய்மையாகவே இருக்க முடிகிறது.

சேனைப் பூவையும் பார்ப்போம். பச்சைக் கிழங்கும் தண்டும் கையை அரிக்கும், நாக்கை அரிக்கும், அவ்வளவுதான். புளி போட்டுச் சமைத்தால் அதுவும் அடங்கிவிடும். அதன் நாற்றத்தால் ஒருவரும் செத்ததில்லை. ஆனால் அது வீட்டுக்குப் பின்னால், எச்சித் தண்ணி ஓடுகிற இடத்தில், யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும்.

நஞ்சு உள்ளது நந்தவனத்தில், நஞ்சில்லாதது சாக்கடை ஓரத்தில். அப்படியானால் தூய்மை என்பது கெடுதலின்மை இல்லை. அபாயம் வேறு, அருவருப்பு வேறு. அபாயத்துக்குக் காரணம் காட்ட முடியும். எந்தப் பொருள், எந்த அளவில், உடம்பில் என்ன செய்யும் என்று விளக்க முடியும். அருவருப்பு காரணம் காட்டாது. "அது அப்படித்தான்" என்று சொல்லும். கேட்டால் கோபப்படும்.

செங்காந்தள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலர் அது. தீ நாக்குகள் பின்னால் மடங்கி எரிவது மாதிரி இதழ்கள். உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று நம்பினார்கள், அதனால் கண்வலிக் கிழங்கு என்றும் பெயர். உண்மையில் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது, தின்றால்தான் ஆபத்து. விதையிலும் கிழங்கிலும் கொல்ச்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. அதுவே அளவோடு கொடுத்தால் கீல்வாத நோய்க்கு மருந்து. அதற்காகத்தான் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் ஏக்கர் கணக்கில் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தடவுகிற வேலை, கூலிக்கு. 'கண் வலிக்கும்' என்ற பயம் பொய், 'தின்றால் கொல்லும்' என்ற பயம் மெய். பொய்ப் பயத்தையும் மெய்ப் பயத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், பாதி அறம் கைக்கு வந்துவிடும்.

4

"ஏன், எருக்கம்பூவையும் ஊமத்தம்பூவையும் சிவனே ஏற்றுக்கொள்கிறாரே" என்று ஒரு சமாதானம் எப்போதும் தயாராக இருக்கும். இது பழைய சமாதானம். புறநானூற்று 106-ஆம் பாட்டில் கபிலர் பாரியைப் புகழ்வதற்கு இதைத்தான் பயன்படுத்துகிறார். நல்லது என்றும் சொல்ல முடியாத, கெட்டது என்றும் சொல்ல முடியாத எருக்கம்பூவைக் கொடுத்தாலும் கடவுள் வேண்டாம் என்று சொல்வதில்லை. அதுபோல அறிவில்லாதவர், எளியவர் போய் நின்றாலும் பாரி கொடுப்பான். பாரி கொடையாளி என்பதில் நமக்கு வழக்கில்லை. இந்த உவமை எதைத் தூக்கி நிறுத்துகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஏற்றுக்கொள்வதால் கடவுள் பெரியவராகிறார், பாரி பெரியவனாகிறான். எருக்கம்பூ எருக்கம்பூவாகவே கிடக்கிறது. தாழ்ந்ததை ஏற்றுக்கொள்வது பெருமையாக இருக்க வேண்டுமென்றால், தாழ்ந்தது எப்போதும் தாழ்ந்ததாகவே இருந்தாக வேண்டும். நந்தன் கதையில் நெருப்பு எதற்கு வருகிறது என்று யோசித்தால் இது விளங்கும். கதவு திறக்கிறது, ஆனால் உள்ளே போகிறவன் பழைய உடம்போடு போக முடியாது.

எருக்கிலும் இரண்டு உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஊதா எருக்கு குப்பைமேட்டில் முளைக்கும். வெள்ளெருக்கின் வேரில் பிள்ளையார் செய்து பூசை அறையில் வைப்பார்கள். ஒரே பால், ஒரே நஞ்சு, நிறம் மட்டும் வேறு. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

'பூவோடு சேர்ந்தால் நாரும் மணக்கும்' என்ற பழமொழியும் இந்தக் கணக்கில்தான் வரும். நாருக்கென்று ஒன்றுமில்லை, பூ போட்ட பிச்சைதான் அதன் மணம். ஆனால் மாலையைத் தாங்கிப் பிடிப்பது நார்தான். பூ வாடி உதிர்ந்த பிறகும் நார் இருக்கும். பழமொழி சொன்னவர் மாலை கட்டியிருக்க மாட்டார்.

5

இந்த இடத்தில் நம் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும், அதில் நியாயமும் உண்டு. "நீங்கள் அசிங்கம் என்கிறீர்களா? ஆமாம், நாங்கள் அசிங்கம்தான். நாங்கள் ஊமத்தம்பூ, நாங்கள் எருக்கு, நாங்கள் நாறும் பூ." தலைகீழாக்குதல் என்ற இந்த உத்தி 1990-களின் தலித் எழுத்துக்குப் பெரிய பலம் கொடுத்தது. வெட்கப்பட வேண்டும் என்று சொல்லப்பட்ட சொற்களை எடுத்து நெற்றியில் எழுதிக்கொண்ட தைரியம் அது. அந்தத் தைரியம் இல்லாமல் இந்தப் பத்திரிகையும் இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை.

ஆனாலும் 'நாங்கள்தான் அந்தப் பூ' என்று சொல்ல என்னால் முடியவில்லை. சேனைப் பூவின் நாற்றம் அதன் சொந்த நாற்றம். தன் உடம்பில் தானே செய்து, தன் வண்டைக் கூப்பிடத் தானே வீசுவது. நம் மேல் வீசுகிறதாகச் சொல்லப்பட்ட நாற்றம் நம்முடையது இல்லை. அது ஊருடைய நாற்றம். ஊர் வளர்த்த மாடு செத்தால் அதை இழுத்துப் போடுவது நம் வேலை. ஊர் கழித்த மலத்தை அள்ளுவது நம் வேலை. ஊர் தன் நாற்றத்தை நம் கையில் கொடுத்துவிட்டு, நம் கை நாறுகிறது என்றது.

1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் தம் மக்களிடம் செத்த மாட்டின் இறைச்சியை விட்டுவிடச் சொன்னார். 1948-இல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' என்ற நூலில், தீண்டாமையின் வேரை மாட்டிறைச்சியோடும் தோற்று நொறுங்கிய பழங்குடிகளோடும் பௌத்தத்தோடும் சேர்த்து ஆராய்ந்தார். அழுகிய இறைச்சியின் வாசனை அவருக்குக் கவிதைப் பொருள் இல்லை. அது ஒரு வரலாறு, வெளியேற வேண்டிய வரலாறு. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த பசுவின் தோலை உரித்ததற்காக நான்கு தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக அங்குள்ள தலித்துகள் செய்தது என்ன? செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் அரசு அலுவலகத்தின் முன்னால் தள்ளினார்கள். இனி நாங்கள் தூக்க மாட்டோம், உங்கள் மாடு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நாற்றம் முதல் தடவையாக அதன் சொந்தக்காரர்களின் மூக்குக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த நாற்றத்தைப் பற்றி எழுதப்பட்ட எந்தக் கவிதையைவிடவும் அது தெளிவான விமர்சனம்.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். அதன் பிறகும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் நச்சுக்காற்றில் சாகிறார்கள். அங்கே அருவருப்பும் அபாயமும் ஒன்றாகவே இருக்கின்றன, இரண்டையும் ஒரே ஆட்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். இது தெரிந்துகொண்டே, நாறும் பூவை நம் சின்னமாக ஆக்கி அழகு பார்ப்பது எனக்கு ஒவ்வவில்லை. நாற்றத்தைக் கொண்டாடுவதும் நாற்றத்திலிருந்து வெளியேறுவதும் ஒன்றல்ல. பூ தன் நாற்றத்தோடு இருக்கட்டும். நாம் பிறர் நாற்றத்தைச் சுமக்காமல் இருப்போம்.

6

இன்னொரு பக்கத்தில், விநோதப் பூ இப்போது விலை உள்ள சரக்கு. நர்சரிகளில் வவ்வால் பூச்செடி விற்கிறது: கருத்த இறக்கை, நீண்டு தொங்கும் மீசை மயிர்கள், தென்கிழக்கு ஆசியாவின் காட்டு நிழலில் வளர்வது. ஆப்பிரிக்காவின் ஸ்டபீலியாவும் தொட்டியில் கிடைக்கிறது. கள்ளி மாதிரித் தண்டு, கையகலத்துக்கு நட்சத்திரப் பூ, மேலெல்லாம் ரோமம், பிண நாற்றம். ஈ அதை இறைச்சி என்று நம்பி முட்டை இடும், புழுக்கள் பட்டினியில் சாகும். இவற்றை மொட்டை மாடியில் வைத்து வந்தவர்களுக்குக் காட்டுவது ஒரு ரசனையாகிவிட்டது. 'சீ' சொன்ன அதே வர்க்கம், விலை கொடுத்து வாங்கியதும் 'ஆகா' என்கிறது.

இந்த ரசனைக்கு ஒரு வரலாறு உண்டு. 1818-இல் சுமத்திராவின் காட்டில், ராஃபிள்ஸ் என்ற ஆங்கிலேய ஆளுநரின் பயணக் குழுவில் ஜோசப் ஆர்னால்டு என்ற மருத்துவர் இருந்தார். உலகத்திலேயே பெரிய ஒற்றைப் பூவைப் பற்றி மேல்நாட்டு அறிவியலுக்கு அவர்தான் எழுதினார். கெட்டுப்போன மாட்டிறைச்சியின் வாசம் அதற்கு என்றும் எழுதினார். ஆனால் அதை முதலில் பார்த்துவிட்டு ஓடி வந்து அவரைக் கூப்பிட்டவர் கூட வந்த ஒரு மலாய் வேலைக்காரர். அவர் அதை நாறுகிறது என்று சொல்லிக் கூப்பிடவில்லை, பெரிது, அழகு, அதிசயம் என்று சொல்லித்தான் கூப்பிட்டார் என்று ஆர்னால்டின் கடிதமே சொல்கிறது. பூவுக்கு ரஃப்ளீசியா ஆர்னால்டி என்று பெயர் வந்தது. ஆளுநர் பெயரும் மருத்துவர் பெயரும் பூவில் ஏறின. அழகு என்று முதலில் சொன்னவரின் பெயர் எங்கும் இல்லை.

1878-இல் அதே சுமத்திராவில் பெக்காரி என்ற இத்தாலியர் இன்னொரு பிணநாற்றப் பூவைப் பதிவு செய்தார். ஆளுயரத்தைத் தாண்டி வளரும் அது நம் சேனைக்கு ஒன்றுவிட்ட அண்ணன், ஒரே இனம். 1889-இல் லண்டன் கியூ தோட்டத்தில் அது பூத்தது. இன்றைக்கும் அது பூக்கும் நாட்களில் பெரிய நகரங்களின் பூங்காக்களில் மக்கள் வரிசையில் நின்று அந்த நாற்றத்தை முகர்ந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள். போக வீடு இருக்கிறவனுக்கு நாற்றம் ஒரு வேடிக்கை. நாற்றம்தான் வேலை என்று இருக்கிறவனுக்கு அது வேடிக்கை இல்லை.

நம் பக்கத்திலேயே ஒரு கதை. கள்ளிமுளையான் என்று ஒரு செடி, வறண்ட கரட்டிலும் பாறை இடுக்கிலும் இலையே இல்லாமல் விரல் விரலாக நிற்கும். ஈக்களைக் கூப்பிடும் கருத்த சின்னப் பூ. ஆடு மேய்க்கிறவர்களும் விறகுக்குப் போகிறவர்களும் ஒடித்து மென்று பசியை அடக்கிக்கொள்வார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து துவையலும் அரைப்பார்கள். 2000-களில் இந்த வகைச் செடியின் சாறு மாத்திரையாகி வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது, உடம்பு இளைப்பதற்கு. சோறு இல்லாதவன் பசியை அடக்கியது, சோறு அதிகமானவன் பசியை அடக்கப் போகிறது. செடி மாறவில்லை. அதை மென்றவர்கள் வாழ்க்கையும் மாறவில்லை.

7

அப்படியானால் சின்னமாகவும் வேண்டாம், காட்சிப் பொருளாகவும் வேண்டாம், பிறகு எதற்குத்தான் இந்தப் பூக்களை வீட்டில் வளர்ப்பது?

முதலில் 'வீட்டுத் தோட்டம்' என்பதே நம் பக்கம் எளிதாகக் கிடைத்த ஒன்றில்லை. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் யார் யார் கைக்குப் போயின என்பது நமக்குத் தெரியும். அவற்றை மீட்கக் கேட்டதற்காக 1994-இல் காரணையில் துப்பாக்கிச் சூடும் இரண்டு உயிர்ப் பலியும். நகரத்தில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் குவித்த அடுக்குமாடிகளில் மண்ணையே பார்க்க முடியாது, பெயின்ட் டப்பாவில்தான் செடி. மண் இல்லாதவனிடம் போய் விநோதப் பூவின் அழகைப் பேசுவது நக்கல். ஆகவே நிலம்தான் முதல் பேச்சு. பூ அதற்கு அடுத்ததுதான்.

ஆனால் அடுத்தது என்பதால் வேண்டாததாகிவிடாது. எங்கள் காலனியில், தொகுப்பு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு கட்டில் அளவு இடத்தில் ஒரு சேனைக் கிழங்கைத் தோண்டாமல் விட்டேன். பூத்ததும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலி ஓரம் வந்து நின்றார்.

"இன்னாடா தம்பி, எலி கிலி செத்துக் கெடக்கா?"

"இல்ல பெரிம்மா, பூ. சேனைப் பூ."

"பூவா இது? கருமம். புடுங்கிப் போடுடா."

"நாலு நாள் பொறு பெரிம்மா, தானா அடங்கிடும்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "நாலு நாள் நாறுனா பூன்ற. எங்கப்பன் மாட்டுத்தோல் உரிச்சிட்டு வந்தா மூணு நாளைக்கு அவரு பக்கத்துல போவ முடியாது. அவர யாரு பூன்னாங்க?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் பதிலுக்காகக் கேட்கவும் இல்லை. ஆனால் பூ விஷயத்தில் அவர் சொன்னதில் இன்னொரு நியாயம் இருந்தது. என் பூவின் நாற்றம் சுவர் தாண்டி அவர் சோறு தின்கிற இடத்துக்குப் போகிறது. தன் நாற்றத்தை அடுத்தவன் மூக்குக்குத் தள்ளிவிட்டுத் தான் சுத்தமாக இருப்பதற்குப் பெயர்தான் சாதி. அதை நான் ஒரு பூவை வைத்துச் செய்யக் கூடாது. அவரிடம் கேட்டேன். "நாலு நாள்தான்ற? போவட்டும் வுடு. ஆனா அடுத்த வருசம் ஒன் கட்டிலாண்ட வை" என்றார். கிழங்கை எடுத்து என் ஜன்னலுக்குக் கீழே நட்டுவிட்டேன். நாற்றத்தை முதலில் நான் வாங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு.

இப்படி வளர்ப்பதால் கிடைக்கும் பயன் ஒரு பயிற்சி. முதல் நாள் மூக்கைப் பொத்துகிறோம். இரண்டாம் நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து வண்டு நுழைவதைப் பார்க்கிறோம். மூன்றாம் நாள் 'நாறுகிறது' என்பது செய்தியாக மட்டும் இருக்கிறது, தீர்ப்பாக இல்லை. உணர்ச்சி போய்விடாது, மூக்கு மூக்குத்தான். ஆனால் உணர்ச்சிக்கும் தீர்ப்புக்கும் நடுவில் ஒரு இடைவெளி உண்டாகிறது. 'எனக்கு அருவருப்பாக இருக்கிறது' என்பதற்கும் 'அது அருவருப்பானது' என்பதற்கும் இடையிலான அந்த இடைவெளி வந்தால்தான் ஒருவன் தன்னைத் தானே கேள்வி கேட்க முடியும். இந்தப் பயிற்சி நமக்கு மட்டும் இல்லை. நமக்குள்ளேயும் ஒருவர் மேல் ஒருவர் 'சீ' சொல்லும் பழக்கம் இருக்கிறது. அருந்ததியர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குகிற கை நம் தெருவிலும் உண்டு. அந்தக் கைக்கும் இது வேண்டும். தண்ணீர் ஊருக்குள் வராதபோது ஊரைக் கேட்ட நாம், நம் செம்பை நீட்டத் தயங்கினால் அது எந்த விடுதலை?

பயிற்சியில் அபாயத்தையும் கற்றுக்கொடுக்க வேண்டும். அரளி, ஊமத்தை, செங்காந்தள் வளர்த்தால் குழந்தைகளுக்குப் பெயர் சொல்லி, "தொடலாம், வாய்ல வைக்கக் கூடாது, தொட்டா கை கழுவணும்" என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். பேய், தீட்டு என்று சொல்லிப் பயமுறுத்தக் கூடாது. காரணம் சொல்லி வளர்த்த பிள்ளை நஞ்சிலிருந்து தப்பும், அத்தோடு 'அது அப்படித்தான்' என்பதை நம்பாமல் இருக்கவும் பழகும். அந்தப் பழக்கம் பூவோடு நின்றுவிடாது.

சேனைப் பூவின் நாற்றம் நான்கு நாளில் அடங்கும். பெரியம்மாவின் அப்பா உரித்த தோல்கள் யார் யார் காலில் செருப்பாகப் போயின, அந்தக் கால்கள் யார் வீட்டு வாசலில் நின்று 'சீ' என்றன என்ற கணக்கு இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதாமல் பூவின் அழகியலை எவ்வளவு பேசினாலும் போதாது.